கென்டக்கி டெர்பி: சனிக்கிழமை புல்வெளியா, வெள்ளிக்கிழமை இருக்கையா?

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை, அமெரிக்காவின் லூயிவில் நகரில் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் கென்டக்கி டெர்பி நடக்கும். மூன்று வயதுக் குதிரைகள் இரண்டு நிமிடம் ஓடும் பந்தயம். 2015-ல் அதைப் பார்க்க வந்தவர்கள் 1,70,513 பேர். முதல் தடவை போகிறவர் கண்ணில் படுவது விலை குறைந்த இன்ஃபீல்டு டிக்கெட்தான், அதாவது ஓடுபாதைக்கு நடுவே உள்ள புல்வெளி. கொண்டாட்டம்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். குதிரையைப் பார்க்க வேண்டும் என்றால் வேண்டாம். அதைவிடக் கூடுதலாகச் செலவானாலும், முந்தின நாள் நடக்கும் கென்டக்கி ஓக்ஸுக்கு ஸ்டாண்டில் ஓர் இருக்கை எடுப்பது எவ்வளவோ மேல்.

காரணம் மைதானத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஓடுபாதை ஒரு மைல் சுற்று. டெர்பியின் தூரம் ஒன்றேகால் மைல், சுமார் 2 கி.மீ. ஆகவே குதிரைகள் ஸ்டாண்டுக்கு முன்னால் இரண்டு முறை கடக்கும், இடமிருந்து வலமாக. ஸ்டாண்டின் இடது முனையில் உட்கார்ந்தால் புறப்பாடு தெரியும், நடுப்பகுதியில் முடிவுக் கோடு, வலது முனையில் முதல் திருப்பம். 20 குதிரைகள் வரை ஓடுவதால் பாதி பேரின் தலைவிதி அந்தத் திருப்பத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. புறப்படும் கேட்டுகளில் உள்வேலியை ஒட்டிய 1-ஆம் கேட்டிலிருந்து வரும் குதிரையை மற்றவை அந்த வேலியோடு நெருக்கும். கடைசிக் கேட் குதிரை அகலமாகத் திரும்பி வீணாகத் தூரம் ஓடும். 1986-ல் ஃபெர்டினாண்ட் ஜெயித்த பிறகு, 2025 வரை 1-ஆம் கேட்டிலிருந்து எந்தக் குதிரையும் டெர்பி வென்றதில்லை. பணம் இருந்தால் வலது முனைதான் என் தேர்வு.

இன்ஃபீல்டுக்கு ஓடுபாதைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை வழியாகப் போக வேண்டும். தரை சமமானது, முன்னால் வேலியும் ஆயிரக்கணக்கான தலைகளும். ஜாக்கிகளின் தொப்பி நிறம் ஒரு நொடி தெரிந்தால் பெரிய விஷயம்; மற்றதெல்லாம் திரையில்தான். மழை வந்தால் ஒதுங்கக் கூரை கிடையாது, குடைக்கும் அனுமதி இல்லை. பிளாஸ்டிக் மழைக்கோட்டும், சேறானாலும் பரவாயில்லை என்கிற காலணியும் கட்டாயம். 2018, 2025 இரண்டு ஆண்டும் டெர்பி நாளில் மழைதான். ஸ்டாண்டிலும் கீழ்த்தள முன்வரிசைகள் திறந்தவெளியே. பழைய பகுதியில் சில இருக்கைகளைத் தூண் மறைக்கும், அதனால் டிக்கெட்டில் பார்வை மறைக்கப்படும் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

இனி வெள்ளிக்கிழமை. ஓக்ஸ் மூன்று வயதுப் பெண் குதிரைகளுக்கான பந்தயம், டெர்பியைப் போலவே 1875-ல் தொடங்கியது. தூரம் 1⅛ மைல். டெர்பியைவிடக் குறைந்த இந்தத் தூரம்தான் பார்வையாளருக்கு வரம்: முடிவுக் கோட்டுக்கு 200 மீட்டர் முன்பே, ஸ்டாண்டுக்கு நேர் எதிரே கேட் வைக்கப்படும். கதவு திறக்கும் சத்தம், முதல் பாய்ச்சல், ஜாக்கிகளின் கூச்சல் எல்லாம் நேரடியாகக் காதில் விழும். குதிரைகளும் குறைவு என்பதால் நெரிசலில் மாட்டித் தோற்கும் நல்ல குதிரைகள் குறைவு. 2009-ல் ரேச்சல் அலெக்ஸாண்ட்ரா இங்கே 20¼ குதிரை நீள இடைவெளியில் ஜெயித்தாள். அப்படி ஓர் ஓட்டத்தை டெர்பி நெரிசலில் எதிர்பார்க்க முடியாது.

சனிக்கிழமைக்கு இருக்கும் ஒரே பெரிய பலம் வரலாறு. அது சாதாரண பலம் அல்ல. இங்கிலாந்தின் எப்சம் டெர்பியைப் பார்த்துவிட்டு வந்த மெரிவெதர் லூயிஸ் கிளார்க் தொடங்கியது இது. 1875-ல் முதல் பந்தயத்தில் ஓட்டிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். வென்ற அரிஸ்டைடிஸை ஓட்டிய ஆலிவர் லூயிஸும் அவர்களில் ஒருவர். ஐசக் மர்ஃபி மூன்று முறை வென்றார். இனவெறி அவர்களைத் தொழிலைவிட்டே விரட்டியது. 1902-ல் ஜிம்மி விங்க்ஃபீல்டுக்குப் பிறகு கறுப்பின ஜாக்கி எவரும் இதை வென்றதில்லை. வென்ற குதிரைக்குப் போடும் ரோஜா மாலையைக் கொண்டாடும் கூட்டத்துக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். மைதானத்தை ஒட்டியுள்ள டெர்பி அருங்காட்சியகத்தைக் கூட்டமில்லாத ஒரு நாளில் பார்த்துவிடுவது நல்லது.

குதிரை மேல் பந்தயப் பணம் கட்டும் முறை இரண்டு நாளும் ஒன்றுதான். எல்லாம் டோட், அதாவது எல்லாரும் கட்டிய பணத்தை ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் முறை. டிவிடெண்ட், அதாவது ஜெயித்தவருக்குக் கிடைக்கும் தொகை, கடைசி நொடியில்தான் முடிவாகும். எனவே முன்கூட்டிக் கட்டுவதால் விலையில் நஷ்டமில்லை. காலையிலேயே முடித்துவிடுங்கள், மாலையில் வரிசை நகராது, செல்போன் சிக்னலும் திணறும். சென்னை கிண்டி குதிரைப் பந்தயத்தில் ‘பிளேஸ்’ (முன்னணி இடங்களில் ஒன்றில் வந்தாலே பணம் தரும் பந்தயம்) கட்டிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது: சர்ச்சில் டவுன்ஸில் பிளேஸ் என்றால் முதல் இரண்டு இடம் மட்டுமே, மூன்றாமிடமும் சேர வேண்டுமானால் ‘ஷோ’ என்று கேட்க வேண்டும். விலகிய குதிரைகளின் பட்டியலையும் பாருங்கள். 2022-ல் ஒரு குதிரை விலகியதால் முந்தின நாள் உள்ளே வந்த ரிச் ஸ்ட்ரைக் 80-க்கு 1 என்ற விலையில் ஜெயித்து, 2 டாலருக்கு 163.60 டாலர் கொடுத்தது.

இரண்டுக்கும் காசு போதவில்லையா? அந்த வாரத்தின் காலைப் பயிற்சிகளுக்குப் போகலாம். டெர்பி குதிரைகளின் சேணத்துக்கு அடியில் மஞ்சள் துணியும், ஓக்ஸ் குதிரைகளுக்கு இளஞ்சிவப்புத் துணியும் இருக்கும், அதில் பெயரும் எழுதியிருக்கும். எந்தக் குதிரை எப்படி நடக்கிறது என்பதை அவசரமில்லாமல் பார்க்கலாம்.