டீம்ஸ் லைவ் கேப்ஷன்: பல மொழிக்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்கு எந்த அளவு உதவும்?

ஆளுக்கொரு தாய்மொழி, ஆளுக்கொரு உச்சரிப்பு, நடுவில் காது மந்தமான ஒருவர். இப்படிப்பட்ட குழு காணொளிக் கூட்டம் நடத்தும்போது, மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் உள்ள லைவ் கேப்ஷன் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய வசதி. பேசுவது உடனுக்குடன் எழுத்தாகக் கீழே ஓடும். ஆனால் அமைப்பதில் ஒரு சின்னப் பிழை நேர்ந்தாலும் குப்பையாகத்தான் வரும்.

கூட்டத்தில் நுழைந்ததும் 'மோர்' பட்டனை அழுத்தி, 'லாங்குவேஜ் அண்ட் ஸ்பீச்' பகுதிக்குப் போய் ஆன் செய்யலாம். இது அவரவர் திரையில் மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. இதைத்தான் இந்த வசதியின் மிகப் பெரிய பலமாகச் சொல்வோம். "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று மேலதிகாரி முன்னால் கேட்கக் கூச்சப்படுபவர் சத்தமில்லாமல் படித்துக்கொள்ளலாம். எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்றலாம், நழுவிப்போன வரியை மேலே நகர்த்திப் பார்க்கலாம்.

பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் பேச்சு மொழி அமைப்பு. கூட்டத்தில் எந்த மொழி பேசப்படுகிறது என்பதை அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். அதை "நான் படிக்க விரும்பும் மொழி" என்று நினைத்து ஒருவர் மாற்றினால், அது எல்லோருக்கும் மாறிவிடும். ஒரு மொழிப் பேச்சை இன்னொரு மொழியின் சொற்களாக இயந்திரம் தேட ஆரம்பிக்கும். சம்பந்தமே இல்லாத வாக்கியங்கள் வரும். கூட்டத்தை நடத்துபவர் தொடக்கத்திலேயே மொழியை வாய்விட்டுச் சொல்லி, அமைப்பைச் சரிபார்த்துவிட வேண்டும்.

சரியாக அமைத்த பிறகும் தவறுகள் வரும். எந்த இடத்தில் வரும் என்று தெரிந்தால் சமாளிக்கலாம். ஆங்கிலக் கூட்டத்தில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் இடம் மாறும். 'கேன்', 'கான்ட்' மாறினால் முடிவே தலைகீழாகிவிடும். ஆட்களின் பெயர், பொருளின் பெயர், துறைக்குள் புழங்கும் சுருக்கப் பெயர்கள் எல்லாம் சிதையும். ஆகவே எண்ணைச் சொல்லும்போது "ஒன்று, ஐந்து, பதினைந்து" என்று இலக்கங்களாகவும் சொல்லுங்கள். "முடியாது" என்பதை முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். 03/04 என்ற தேதி ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4. மாதத்தைப் பெயரால் சொல்வதுதான் வழி. இவற்றையே அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டிவிட்டால் கேப்ஷனில் பிழை வந்தாலும் சேதமில்லை. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் இயந்திரத்தால் பிரித்தெழுத முடியாது, மொழி பழகாத சக ஊழியராலும் பிரித்துக் கேட்க முடியாது. கேப்ஷனுக்காகக் கொண்டுவரும் இந்தப் பழக்கங்கள் மனிதர்களுக்கும் தேவையானவைதான்.

கூட்ட அறையில் ஆறு பேர் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்தால் இன்னொரு சிக்கல். பேசுபவரின் பெயருக்குப் பதில் அறையின் பெயரே வரியின் முன்னால் வரலாம். தூரத்திலிருந்து படிப்பவருக்கு யார் ஒப்புக்கொண்டார், யார் மறுத்தார் என்று தெரியாது. பேசத் தொடங்கும்போது பெயரைச் சொல்லிக்கொள்வது நல்லது. முடிந்தால் அவரவர் கணினியிலிருந்து, மைக் உள்ள ஹெட்செட்டோடு சேர்வது இன்னும் நல்லது.

கேப்ஷன் சேமிக்கப்படுவதில்லை, கூட்டம் முடிந்தால் போய்விடும். எழுத்துப் பதிவு வேண்டுமென்றால், பேச்சு முழுவதையும் எழுத்தாகச் சேமிக்கும் டிரான்ஸ்கிரிப்ஷனைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். அப்போது எல்லோருக்கும் அறிவிப்பு வரும். டிரான்ஸ்கிரிப்டை அப்படியே கூட்டக் குறிப்பாக அனுப்பும் வழக்கத்தை நாங்கள் ஏற்கமாட்டோம். பிழையோடு நீண்டு கிடக்கும் பக்கங்களை இரண்டாம் மொழியில் யாரும் படிக்கமாட்டார்கள். எடுத்த முடிவு, பொறுப்பாளர், கெடு நாள் என்று ஐந்தாறு வரி எழுதி அனுப்புங்கள். வேலையை ஏற்பவரிடம் "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்காக "புரிந்தது" என்றுதான் பதில் வரும். "முதலில் எதைத் தொடங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால் எதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது வெளியே வரும்.

மொழிபெயர்த்த கேப்ஷனுக்கு டீம்ஸ் பிரீமியம் போன்ற கட்டண உரிமம் தேவை. கூட்டத்தை ஏற்பாடு செய்பவரிடம் பிரீமியம் இருந்தால் பங்கேற்பவர்களும் பயன்படுத்தலாம். ஆகவே ஆள் ஆளுக்கு வாங்க வேண்டாம். பேச்சை எழுத்தாக்குவதில் ஏற்பட்ட பிழை மொழிபெயர்ப்பில் இன்னும் பெருகும் என்பதால், திட்ட விளக்கம், பொது அறிவிப்பு போன்றவற்றுக்கு மட்டும் இதை நம்பலாம். சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை, பாதுகாப்பு விதி பற்றிய பேச்சுக்கு மனித மொழிபெயர்ப்பாளரையே வையுங்கள்.

காது கேளாத சக ஊழியருக்கும் இந்தத் தானியங்கிக் கேப்ஷன் மட்டும் போதாது. பயிற்சி பெற்றவர் கேட்டுத் தட்டச்சு செய்யும் கேப்ஷனை இணைக்க, கூட்ட அமைப்புகளில் 'கார்ட்' என்ற வசதி இருக்கிறது. சைகை மொழி மொழிபெயர்ப்பாளர் வந்தால், சைகை மொழிக் காட்சியை ஆன் செய்து இரண்டு பேர் வரை அவர்களின் வீடியோவைப் பெரிதாக, நிலையாக வைத்துக்கொள்ளலாம். எழுத்தும் சைகையும் பேச்சுக்குச் சில நொடிகள் பின்னால்தான் வரும். கேள்வி கேட்டவுடன் "யாருக்கும் சந்தேகமில்லை" என்று அடுத்த விஷயத்துக்குத் தாவினால், படித்துக்கொண்டிருப்பவர் வாய் திறப்பதற்குள் வாய்ப்பு போய்விடும். நிதானமாகப் பத்து எண்ணிவிட்டு, கை உயர்த்தும் பட்டனில் யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகு நகருங்கள்.