காரில்லாமல் ஒரு வார இறுதி: நியூ ஃபாரஸ்டா, காட்ஸ்வோல்ட்ஸா?

கல்யாண நாளுக்கு லண்டனை விட்டு இரண்டு இரவு எங்காவது கிராமப்புறமாகப் போய்த் தங்கலாம் என்று நானும் மனைவியும் தேடியபோது, கடைசியில் மூன்று ஹோட்டல்கள் நின்றன. தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதியில், பிராக்கன்ஹர்ஸ்ட் ஊர்ப் பக்கத்தில் ‘தி பிக்’. லண்டனுக்கு வடமேற்கே காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில், கிங்ஹம் கிராமத்தில் ‘தி வைல்ட் ராபிட்’. தென்மேற்கே சாமர்செட்டில் ‘தி நியூட்’. முதலில் போனது தி பிக்குக்கு. அடுத்த வசந்தத்தில் கிங்ஹமிலும் தங்கினோம். நியூட்டுக்கு ஒரு பகல் தோட்டம் பார்க்க மட்டுமே போனோம். அதனால் அதன் அறைகளைப் பற்றி நான் எதுவும் சொல்வது நியாயமில்லை. தோட்டத்துக்காகவே உயிரை விடுகிறவர்களுக்கு அதுதான் இடம்.

அழகான அறை, மெத்தென்ற படுக்கை, குளிருக்குக் கணப்பு எல்லாம் இந்த விலையில் எங்கும் இருக்கும். எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே விஷயம்: எங்களிடம் கார் கிடையாது.

ரயில் நேரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். லண்டனின் வாட்டர்லூ நிலையத்திலிருந்து பிராக்கன்ஹர்ஸ்டுக்கும் பாடிங்டன் நிலையத்திலிருந்து கிங்ஹமுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். இறங்கிய பிறகு என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் கேள்வி. கிங்ஹம் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த டாக்சி வரவே இல்லை. இருட்டும் நேரத்தில், நடைபாதை இல்லாத சாலையோரமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். எதிரே கார் வரும்போதெல்லாம் வேலியோரம் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. ஊருக்குள் போய்ச் சேர்ந்ததும் மனசு குளிர்ந்தது உண்மை. அந்தத் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகளுக்கு ஈடு இல்லை. ஆனால் பக்கத்து ஊர்களான ஸ்டோவையும் போர்டனையும் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி டாக்சிதான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பிராக்கன்ஹர்ஸ்டில் இந்தக் கவலையே இல்லை. நிலையத்திலிருந்து தி பிக்குக்குச் சுமார் அரை மணி நேர நடை. பெட்டி கனமென்றால் டாக்சி எடுக்கலாம். நிலையத்தை ஒட்டியே வாடகை சைக்கிளும் கிடைக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டினால் உடனே காடுதான். இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் 1079இல் தன் வேட்டைக்காக ஒதுக்கிய காடு, 2005 முதல் தேசியப் பூங்கா. ‘போனி’ எனப்படும் குட்டை இனக் குதிரைகள் வேலியில்லாமல் சாலையிலேயே திரியும். அவை காட்டு விலங்குகள் அல்ல. மேய்ச்சல் உரிமை உள்ள உள்ளூர்க்காரர்கள் வளர்ப்பவை. தொடவோ தீனி போடவோ கூடாது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011இல் தொடங்கிய தி பிக் ஹோட்டலில் சமையலறைக்கு வேண்டியது பெரும்பாலும் அதன் சொந்தத் தோட்டத்திலிருந்தும், சுற்றியுள்ள 25 மைலுக்குள்ளிருந்தும் வருகிறது. என் மனைவி சைவம். இங்கிலாந்துக் கிராமத்து ஹோட்டல்களில் வழக்கமாகக் காளான் ரிசோட்டோவோடு திருப்திப்பட்டுக்கொள்பவர், இங்கே அன்று பறித்த கீரையையும் பீட்ரூட்டையும் ரசித்துச் சாப்பிட்டார். சாப்பிடுவதற்கு முன் அந்தத் தோட்டப் பாத்திகளுக்கு இடையே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தோம்.

செலவைக் குறைக்க நினைத்தால் சின்ன அறைதான் கிடைக்கும், அதற்குத் தயாராக இருங்கள். எந்த ஹோட்டலாக இருந்தாலும் காலை உணவு கட்டணத்தில் சேருமா, வார இறுதியில் இரண்டு இரவு கட்டாயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஞாயிறன்று ரயில் பாதையில் பராமரிப்பு வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தேதி குறியுங்கள்.

முடிந்தால் அக்டோபரில் போங்கள். ஓக் மரக் கொட்டைகள் குதிரைகளுக்கு விஷம் என்பதால், அவற்றைத் தின்று தீர்க்க அந்தப் பருவத்தில் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்து விடுகிறார்கள். நாங்கள் சைக்கிளில் போன பாதையில் இரண்டு பன்றிகள் சருகைக் கிளறிக்கொண்டிருந்தன. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.