பரவிய மார்பகப் புற்றுநோய்: மூன்று மாத்திரைகளில் நம் வீட்டுப் பெண்களுக்கு எது ஒத்துவரும்?

எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிய மார்பகப் புற்றுநோயில், திசு அறிக்கை ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்-2 நெகட்டிவ் (ஹெர்-2 புரதம் மிகாத வகை) என்று வந்தால், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரையோடு சிடிகே 4/6 தடுப்பான் (புற்றணு பெருகத் தூண்டும் புரதங்களை முடக்கும் மருந்து) ஒன்றைச் சேர்ப்பதுதான் இன்று பரவலான முதல் சிகிச்சை. ரைபோசிக்லிப், பால்போசிக்லிப், அபெமாசிக்லிப் என மூன்று இருக்கின்றன. நோயை அடக்கிவைக்கும் காலத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆயுள் கணக்கில்தான் பிரிகின்றன. மொனலீசா-2 ஆய்வில் ரைபோசிக்லிப் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 63.9 மாதம், லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு 51.4. பலோமா-2இல் பால்போசிக்லிப்புக்கு 53.9, எதிரணிக்கு 51.2, அதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. மோனார்க்-3இல் அபெமாசிக்லிப் 66.8க்கு 53.7 என்று காட்டியும் புள்ளியியல் வரம்பை எட்டவில்லை, அதாவது தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதை மட்டும் பார்த்தால் ரைபோசிக்லிப்தான். ஆனால் மலேசியாவில் கிள்ளானிலோ பட்டர்வொர்த்திலோ இருக்கும் அறுபது வயது அம்மாவின் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின், ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின், கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின். எந்த மருந்து என்பதை முக்கால்வாசி அந்தப் பைதான் தீர்மானிக்கிறது.

ரைபோசிக்லிப்பை 200 மி.கி. மாத்திரை மூன்றாகத் தினம் ஒரு வேளை, 21 நாள் எடுத்து 7 நாள் நிறுத்த வேண்டும்; இந்த 28 நாள்தான் ஒரு சுற்று. இதயத்தின் மின்துடிப்பில் கியூடி இடைவெளியை இது நீட்டும். அதனால் தொடங்கும் முன் இசிஜியில் அந்த அளவு 450 மில்லிசெகண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 14ஆம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தால் ஆபத்து கூடும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். கல்லீரல் பரிசோதனை முதல் இரண்டு சுற்றுகளுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை. சிம்வாஸ்டாடினைக் கரைக்கும் நொதியை இந்த மருந்து முடக்கிவிடுவதால் அது உடம்பில் தேங்கித் தசையைச் சிதைக்கலாம். தொடங்கும் முன்பே வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அம்லோடிபினும் கூடிக் கால் வீங்கலாம். வாந்திக்குப் பக்கத்துக் கிளினிக்கில் கொடுக்கும் டோம்பெரிடோன் கியூடியை இன்னும் நீட்டும்.

சிக்கல் வரும் இடம் இதுதான்: புற்றுநோய் மருத்துவர் பெரிய மருத்துவமனையில், கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் அரசாங்கக் கிளினிக்கில். இரண்டு மருந்துச் சீட்டும் ஒரே மேசைக்கு வருவதே இல்லை. சீட்டை நம்பாமல் பையையே தூக்கிக்கொண்டு போவது நல்லது. நாட்டு மருந்துப் பொடிகளையும் அதிலேயே போடுங்கள். பம்பளிமாசும் வேண்டாம்; சீனப் புத்தாண்டுக்குத் தம்புன் ஊர்ப் பம்பளிமாஸ் வீடு வீடாக வரும், அதுவும் அதே நொதியைத் தடுக்கும். இந்தப் பழத் தடை மூன்று மருந்துக்கும் பொது.

அபெமாசிக்லிப் 150 மி.கி., தினம் இரண்டு வேளை, இடைவெளி இல்லை. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. விலை வயிற்றில் கொடுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு முதல் மாதத்திலேயே வயிற்றுப்போக்கு தொடங்கிவிடும். மெட்ஃபார்மினும் அதையே செய்யும் மருந்து என்பதால் இரண்டும் சேர்ந்தால் படுத்திவிடும். போதாக்குறைக்கு, சிறுநீரகம் மெட்ஃபார்மினை வெளியேற்றும் வழியையும் அபெமாசிக்லிப் அடைக்கிறது. அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். லோபெரமைடு முதல் நாளே வீட்டில் இருக்கட்டும், முதல் தடவை இளகிப் போனதுமே எடுக்க வேண்டும். கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல் சரி. ரசம் வைத்துச் சமாளிப்போம் என்று மூன்று நாள் பார்த்தால் ட்ரிப்ஸ் வரை போகும். கிரியேட்டினின் ஏறுவதைக் கண்டு சிறுநீரகம் போய்விட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் வடிகட்டும் திறன் குறைவதில்லை, கிரியேட்டினின் வெளியேறும் வழிதான் அடைபடுகிறது. ஐயம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோன்பு பிடிக்கும் பினாங்குத் தமிழ் முஸ்லிம் பெண்களுக்குச் சஹர், நோன்பு திறப்பு என்று நேரம் பொருந்தினாலும், பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் வயிறு போனால் தாங்காது.

பால்போசிக்லிப் 125 மி.கி., 21 நாள், 7 நாள் ஓய்வு. இசிஜி தொல்லை கிடையாது, வயிறும் பெரும்பாலும் அமைதி. வெள்ளணுதான் இறங்கும், ஆசியப் பெண்களுக்கு இன்னும் கூடுதலாக. நியூட்ரோபில் என்ற வெள்ளணு வகை 1,000க்குக் கீழே இருந்தால் அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுவார்கள், பிறகு 100, 75 என்று குறைப்பார்கள். ஆயுள் கணக்கில் பின்தங்கினாலும், எழுபது தாண்டி, பல மருந்து எடுத்து, அடிக்கடி பயணம் செய்ய முடியாதவருக்கு இதைத் தவறான தேர்வு என்று சொல்ல மாட்டோம்.

மாதவிடாய் நிற்காத இளம் பெண்களுக்குக் கேள்வியே வேறு. கோசரெலின் 3.6 மி.கி. ஊசி 28 நாளுக்கு ஒருமுறை போட்டுச் சினைப்பையை அடக்கி, லெட்ரோசோல் போன்ற மாத்திரையோடு ரைபோசிக்லிப் கொடுக்கலாம். டமோக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையோடு அதைச் சேர்க்கக் கூடாது. நோய் வேகமாக இருந்தால் கீமோதான் என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. மலேசியப் பெண்களும் பங்கேற்ற ரைட் சாய்ஸ் ஆய்வில், ரைபோசிக்லிப் அணிக்கு நோய் அடங்கியிருந்த இடைநிலைக் காலம் 21.8 மாதம், கூட்டுக் கீமோவுக்கு 12.8.

சொந்தப் பணத்தில் வாங்குவோருக்கு ஒரு நுணுக்கம். ரைபோசிக்லிப் அளவைக் குறைத்தால் அதே பெட்டியில் ஒரு மாத்திரை குறையும். மற்ற இரண்டிலும் வேறு அளவுப் பெட்டி வாங்க வேண்டும், மீதி வீண். அதனால் முதல் இரண்டு மாதம் பெட்டிகளை முன்கூட்டி அடுக்காதீர்கள். பணம் அறவே போதாதென்றால், ஹார்மோன் மாத்திரையில் மட்டும் தொடங்கி, நோய் வளரும்போது தடுப்பானைச் சேர்ப்பது பற்றிக் கேட்கலாம். 1,050 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்த, பெரும்பாலும் பால்போசிக்லிப் பயன்படுத்திய சோனியா ஆய்வில், முதலில் கொடுத்ததற்கும் பிறகு கொடுத்ததற்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. ஈரலில் வேகமாகப் பரவுபவருக்கு இது பொருந்தாது.

எதை எடுத்தாலும், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் டிங்கியாக இருக்கும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். டிங்கியிலும் இந்த மருந்துகளிலும் வெள்ளணுவும் தட்டணுவும் இறங்கும். அன்றே ரத்தப் பரிசோதனையோடு டிங்கி என்எஸ்1 சோதனையும் செய்யச் சொல்லி, எடுக்கும் மருந்தின் பெயரையும் சுற்றின் எத்தனையாவது நாள் என்பதையும் அவசரப் பிரிவில் முதலிலேயே சொல்லுங்கள். இபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.