பழைய போர்ஷே கேமன், பாலக்காட்டு எல்லையில்: வாங்கியதும் வைத்துக் காப்பதும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் விலையையும் அதற்கடுத்து நிறத்தையும் பார்க்கிறார்கள். போர்ஷே கேமனைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது கார் உருவான ஆண்டு. 987 என்ற குறியீடு கொண்ட முதல் தலைமுறைக் கேமன் 2005இல் வெளிவந்தது. 2009ஆம் ஆண்டு மாடலில் அதே உடலுக்குள் முற்றிலும் வேறான எஞ்சின் வைக்கப்பட்டது. இரண்டையும் அருகருகே நிறுத்தினால் விளக்குகளில் சிறு மாற்றம் தவிர வேறு வேறுபாடு எளிதில் தெரியாது. ஆனால் வாங்குபவரின் கையிருப்பைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒரே கார் அல்ல. நான் வைத்திருப்பது 2010ஆம் ஆண்டுப் பதிவு கொண்ட கேமன் எஸ்: 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், 320 குதிரைத்திறன், பிடிகே எனப்படும் ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு காலைக் கோவையிலும் இன்னொரு காலைப் பாலக்காட்டிலும் வைத்துப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இப்படியொரு வண்டி சரிப்பட்டு வருமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எஞ்சின் பற்றிய விளக்கம் சற்று நீளமானதுதான், ஆனாலும் தவிர்க்க முடியாது. 2008 வரையிலான எஞ்சின்களில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளுக்குக் கடத்த இடையில் ஒரு தண்டு இருந்தது. அதன் பேரிங் உடைந்தால் எஞ்சின் முழுவதும் வீணாகிவிடும். போர்ஷேயின் பழைய பாக்ஸ்டர், 911 கார்களில் இது பெரிய பிரச்சினையாகி, அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2006 மாடலிலிருந்து பெரிய பேரிங் வந்ததால் உடையும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. இதைவிட என்னை அச்சுறுத்தியது சிலிண்டர் சுவரில் விழும் கீறல். பழைய 3.4 லிட்டர் எஞ்சினில் இது நன்கு அறியப்பட்ட குறை. எண்ணெய் செலவு கூடும். குளிர்ந்த எஞ்சினில் மெல்லத் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். அதற்குள் காலம் கடந்திருக்கும். 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் அந்த இடைத்தண்டே கிடையாது. சிலிண்டர் கட்டமைப்பும் வேறு உலோகக் கலவைக்கு மாறிவிட்டது. எனவே 2008 மாடல் சில லட்சம் குறைவாகக் கிடைத்தாலும், அந்தச் சில லட்சத்தை மிச்சம் என்று நான் கருதமாட்டேன்.

தேடும் காலத்தில் ஒரு பெருநகரத்துப் பழைய சொகுசுக் கார் விற்பனையகத்தில் மிகவும் பளபளப்பான ஒரு கேமனைக் காட்டினார்கள். ஓடோமீட்டர் 28,000 கிலோமீட்டர் காட்டியது. இருக்கையின் தோல் புதிதுபோல் இருந்தது; பிரேக் பெடலின் ரப்பர் மட்டும் ஓரங்களில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இந்தக் கார்களின் எஞ்சின் கணினி, எஞ்சின் மொத்தம் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதையும் பதிவு செய்து வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. என்னுடன் வந்த மெக்கானிக் தன் லேப்டாப்பை இணைத்துப் பார்த்தபோது அது 2,600 மணிநேரத்தைக் காட்டியது. 28,000ஐ 2,600ஆல் வகுத்தால் மணிக்கு 11 கிலோமீட்டர்கூட வரவில்லை. பெங்களூரு நெரிசலை எவ்வளவு தாராளமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், ஸ்போர்ட்ஸ் கார் ஆயுள் முழுக்க மிதிவண்டி வேகத்தில் போயிருக்காது. விற்பனையாளர் அதற்கு விளக்கம் சொல்லாமல் காபி சொன்னார். நாங்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

வாங்குவதற்கு முந்தைய சோதனைக்கென்று தனியாகச் செலவிடும் பணம், இந்த முழு வியாபாரத்திலும் மிகவும் பயனுள்ள பணம் என்பது என் கருத்து. கணினிப் பதிவில் மணிக்கணக்கோடு எஞ்சின் எல்லை மீறிச் சுழன்ற தடவைகளும் ஆறு படிநிலைகளாகப் பதிவாகியிருக்கும். கையால் கியர் மாற்றும் கார்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெயிண்டின் கனத்தை மைக்ரான் கணக்கில் அளக்கும் கருவியை ஒவ்வொரு கதவிலும் பானெட்டிலும் வைத்துப் பார்த்தால், எங்கே பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். குறைவாக ஓடிய காரில் டயரின் பட்டைகள் நன்றாக இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சர்வீஸ் வரலாற்றைக் கேட்டறிவதும் அவசியம். (அந்த எண்ணின் பதினொன்றாவது எழுத்து ‘யு’ என்றிருந்தால் கார் ஜெர்மனியில் அன்று, பின்லாந்தின் ஊசிகௌபுங்கி என்ற ஊரில், வால்மெட் நிறுவனத்தின் ஆலையில் உருவானது. ஜெர்மன் கார் என்று பெருமைப்படும் பலருக்கு இது சிறு ஏமாற்றமாக இருக்கலாம். தரத்தில் குறை ஒன்றுமில்லை.)

எல்லையோரத்துக்காரர்களுக்கென்று இருக்கும் தனித் தலைவலி காகிதங்கள். கோவையில் வாங்கி வாளையாறைத் தாண்டிக் கொண்டுவந்து வீட்டில் நிறுத்திவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் எளிதாகச் சொல்வார்கள். மாருதிக்கு அது நடக்கலாம். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் வண்டிக்கு நடக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, முன்னவர் கடனில் வாங்கியிருந்தால் வங்கியின் படிவம் 35 ஆகியவை வேண்டும். இவற்றில் கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கடன் அடைந்த பிறகும் ஆர்சியில் வங்கியின் பெயர் நீங்காமல் இருந்தால் வேறு எதுவும் நகராது. கேரளத்தில் விலை உயர்ந்த கார்களுக்கான வரி 20 விழுக்காட்டுக்கு மேல். வயதுக்கேற்பக் கழிவு உண்டு என்றாலும், கணக்கு தொடங்குவது கார் புதிதாக இருந்தபோது இருந்த விலையிலிருந்து. நாம் கொடுத்த விலையிலிருந்து அன்று. புதிய ஃபார்ச்சூனரை விடக் குறைந்த விலைக்குக் கேமன் வாங்கிவிட்டேன் என்று மகிழ்ந்தவர் வரித் தொகையைக் கேட்டு வாயடைத்துப் போவது இதனால்தான். சித்தூர் துணை ஆர்டிஓவின் கேஎல் 70 பலகை என் வண்டியில் ஏறுவதற்குள் நான் கொடுத்த ஜெராக்ஸ் நகல்களை அடுக்கினால் இருக்கைக்கு மெத்தையாகப் போடலாம்.

15 ஆண்டு நிறைவு இதைவிட முக்கியமானது. 2009 முதல் 2012 வரையிலான கேமன்கள் அந்த வயதை ஏற்கெனவே தாண்டிவிட்டன, இல்லையென்றால் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. தனியார் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகள். பின்னர் தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் உள்நாட்டுக் கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் என்றால், இறக்குமதிக் கார்களுக்கு 40,000 ரூபாய். 20 ஆண்டுகளைத் தாண்டிய இறக்குமதிக் காருக்கு 2025இல் இதை 80,000 ஆக்கிவிட்டார்கள். கேமன் முழு இறக்குமதி வண்டி என்பதால் இதில் பேரம் பேச இடமில்லை. விற்பவர் சொல்லும் விலையில் இந்தத் தொகையை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

இனி பராமரிப்பு. அங்கீகரிக்கப்பட்ட மையம் எங்களுக்கு எட்டும் தூரத்தில் கொச்சியில் இருக்கிறது. குதிரான் மலையில் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தப் பயணம் பழையபடி ஒரு தண்டனையாக இல்லை. கணினி மென்பொருள், கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கு அங்கே செல்வதும், எண்ணெய், பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளைக் கோவையில் ஒரு தனியார் வொர்க்‌ஷாப்பில் முடித்துக்கொள்வதும் என் ஏற்பாடு. மோட்டாரும் லேத்தும் ஊறிய ஊர் அது. செட்டிபாளையத்து ரேஸ் தளத்தின் தயவால், வேகக் கார்களைக் கண்டு மிரளாத மெக்கானிக்குகள் அங்கே கிடைக்கிறார்கள். அந்த வொர்க்‌ஷாப்பின் வேலைச் சுத்தத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். சொன்ன தேதியில் வண்டியைத் தருவதற்கு அதில் பாதிகூடத் தர மாட்டேன்.

கேமனில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் சாமான் வைக்கும் பெட்டிதான் தெரியும். எண்ணெய் அளவைக் குச்சி விட்டுப் பார்க்கும் வழி கிடையாது. டாஷ்போர்டுத் திரைதான் சொல்லும். எண்ணெய் மாற்றும்போது ஏழு லிட்டருக்கு மேல் பிடிக்கும். போர்ஷேயின் ஏ40 தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்பம்பரின் இரு ஓரங்களிலும் இருக்கின்றன. இந்த அமைப்பு ஐரோப்பிய நெடுஞ்சாலைக்குப் பொருத்தமாக இருக்கலாம்; பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கும் சாலையோரப் புளியமரத்துக்கும் பொருந்தாது. முதல் தடவை பம்பரைக் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே விரற்கடை அகலத்தில் ஒரு சந்து. அதில் புளிய இலைகள், பனந்தும்பு, செத்த பூச்சிகள் எல்லாம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, பழுப்பு நிறத்தில் பாய்போல் படிந்திருந்தன. மெக்கானிக் அதை ஒரு முனையில் பிடித்து இழுத்தபோது உதிராமல் ஒரே துண்டாக வந்தது. “வண்டி நல்லாத்தானுங்க சார் இருக்குது, இலைதான் உள்ளே குடும்பம் நடத்திட்டு இருக்குது” என்றார். சூடு அளவுமுள் அதுவரை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை, இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு இதைச் சுத்தம் செய்யச் சொல்லிவிடுகிறேன். வாங்கப்போகும் எவரும் சோதனைப் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இலை தேங்கிய ஈரத்தில் கண்டன்சர் அரித்துப்போனால் ஏசி வாயு கசிந்துவிடும்.

பிரேக் எண்ணெய்க்கு இரண்டு ஆண்டுகளும் ஸ்பார்க் பிளக்குகளுக்கு நான்கு ஆண்டுகளும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. பிடிகே கியர்பாக்ஸில் கிளட்சுக்கு ஒரு திரவமும் பற்சக்கரங்களுக்கு வேறொரு எண்ணெயும் தனித்தனியாக உண்டு. ஒன்றை மாற்றிவிட்டு இரண்டையும் மாற்றியதாகப் பில் போடுவது சாத்தியம் என்பதால் பில்லை வரிவரியாகப் படிக்க வேண்டும். பெட்ரோலில் 95 ஆக்டேனுக்குக் குறைவாக நான் போடுவதில்லை. 98 இருந்தால் நல்லது என்பது நிறுவனத்தின் பரிந்துரை. இந்தத் தலைமுறைக் கார்களுக்கு 10 விழுக்காடு எத்தனால் வரை உறுதி தரப்பட்டிருக்கிறது. இப்போது பம்புகளில் வருவதோ 20 விழுக்காடு. ஆகவே டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைத்து வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தாமல், அவ்வப்போது ஓட்டித் தீர்த்துவிடுகிறேன்.

டயர் விஷயத்தில் பணத்தைவிடப் பொறுமை அதிகம் தேவை. போர்ஷே ஒப்புதல் பெற்ற டயர்களில் ‘என்’ என்ற குறி இருக்கும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, குறிப்பிட்ட அளவில் நான்கும் ஒரே நேரத்தில் கிடைப்பது அரிது. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு என்பதால் இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் முடியாது. தேய்மானக் குறியைத் தொடும்வரை காத்திராமல் முன்பே சொல்லிவைப்பதுதான் வழி. இன்ஷூரன்ஸிலும் இப்படியொரு சிக்கல் உண்டு. இந்த வயதுக் காருக்குத் தேய்மானக் கழிவில்லாத பாலிசி கிடைப்பது கடினம். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 விழுக்காடு கழித்துவிடுவார்கள், பத்தாண்டு தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கும் அதே கழிவுதான். முன்பம்பர் ஒன்று போனால் பாதிச் செலவு நம்முடையது. எங்கள் ஊர்ச் சாலைகளின் வேகத்தடைகளை எண்ணிப் பார்த்தால் இது வெறும் கற்பனை அச்சம் அன்று.

இத்தனைக்கும் பிறகு எதற்கு இந்த வண்டி என்பதற்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவை செல்லும் சாலையில் ஞாயிறு அதிகாலை ஓட்டிப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. எடை நடுவில் இருப்பதால் வளைவில் காரின் முன்பக்கம் தயங்குவதில்லை. ஸ்டீயரிங் வழியாகத் தாரின் சொரசொரப்புக்கூடக் கைக்குத் தெரிகிறது. பின்னால் வந்த பல கார்களில் மின்சார ஸ்டீயரிங் வந்து இந்த உணர்வைக் குறைத்துவிட்டது. நிமிடத்துக்கு 4,000 சுழற்சிக்கு மேல் முதுகுக்குப் பின்னாலிருந்து எழும் ஓசைக்கு ஸ்பீக்கரின் துணை தேவையில்லை. இரண்டு பேருக்கும் இரண்டு பெட்டிகளுக்கும் இடமுண்டு. மூன்றாவது ஆளைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் வேறு வண்டி எடுக்க வேண்டும்.

இன்று மறுபடி தேடச் சொன்னால் எஸ்ஸை விட்டுவிட்டு 2.9 லிட்டர் கேமனைத் தேடுவேன். 265 குதிரைத்திறன் எங்கள் சாலைகளுக்குத் தாராளம். அந்த எஞ்சினில், பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி எரிபொருள் பாய்ச்சல் இல்லாததால் விலை உயர்ந்த உயரழுத்தப் பம்பின் கவலையும், வால்வுகளில் கரி படியும் கவலையும் குறைவு. அதற்கான 17 அங்குலச் சக்கரத்தில் டயரின் பக்கச் சுவர் உயரமாக இருப்பதால், மழைக்குப் பிறகு சித்தூர் சாலைகளில் விழும் குழிகளுக்கு ரிம் வளையும் வாய்ப்பும் குறைவு. அத்தகைய வண்டி நம் நாட்டில் அரிதாகவே விற்பனைக்கு வருகிறது. வந்தால், நிறத்தைப் பார்க்கும் முன் எஞ்சின் மணிக்கணக்கைக் கேளுங்கள்.