புட்டியா, ஓபன்எஸ்எஸ்எச்சா?

விண்டோஸ் கணினியிலிருந்து லினக்ஸ் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய, பலர் இன்னும் சைமன் டாதம் எழுதிய புட்டி என்ற நிரலைத்தான் முதலில் நிறுவுகிறார்கள். நானும் நெடுங்காலம் அதையே வைத்திருந்தேன். இப்போது அதே வேலையைச் செய்யும், விண்டோஸோடு வரும் ஓபன்எஸ்எஸ்எச்சுக்கு மாறிவிட்டேன், திரும்பும் எண்ணமில்லை.

இரண்டும் இலவசம், இரண்டும் திறமூல மென்பொருள். நிறுவுவதிலும் சிரமமில்லை. புட்டியைத் தரவிறக்க வேண்டும்; மற்றது 2018 முதல் விண்டோஸ் 10-இலேயே இருக்கிறது.

என்னை மாற வைத்தது பராமரிப்புதான். புட்டி ஒவ்வொரு சர்வரின் விவரத்தையும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் வைக்கிறது. புதுக் கணினி வாங்கினால் அங்கிருந்து தோண்டி எடுத்துக் கொண்டுபோக வேண்டும். கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழைய உதவும் சாவிக் கோப்பும் பிபிகே என்ற தனி வடிவத்தில் இருப்பதால், வேறு கருவிக்குத் தர புட்டியின் துணைக்கருவியான புட்டிஜென்னில் மாற்றியாக வேண்டும். ஓபன்எஸ்எஸ்எச்சிலோ எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. அதிலுள்ள கான்ஃபிக் கோப்பு வெறும் உரைக்கோப்பு. பெயர், முகவரி, பயனர், போர்ட், சாவி என்று ஒரு சர்வருக்கு நாலைந்து வரிகள். இன்னொரு சர்வர் வழியாகத்தான் உள்ளே போக முடியுமென்றால் ப்ராக்ஸிஜம்ப் என்று கூடுதலாக ஒரு வரி. அதே கோப்பு மேக்கிலும் லினக்ஸிலும் பெரும்பாலும் அப்படியே செல்லும். குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு அதன் நகலைக் கொடுத்தால் போதும். சாவியை மட்டும் அவரவரே உருவாக்க வேண்டும். அதன் ரகசியப் பாதியான தனிச்சாவி ஒருபோதும் கைமாறக் கூடாது.

பழைய பதிப்பிலேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. புட்டி 0.68 முதல் 0.80 வரை, பி-521 வகை இசிடிஎஸ்ஏ என்ற ஒருவகைச் சாவி நுழைவின்போது இடும் டிஜிட்டல் கையொப்பங்களில் ஏறக்குறைய 60 கிடைத்தாலே தனிச்சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2024 ஏப்ரலில் தெரியவந்தது. 0.81-இல் சரிசெய்தார்கள். ஆனால் மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, அந்தச் சாவிகளையே கைவிட வேண்டும். ஓபன்எஸ்எஸ்எச் விண்டோஸ் புதுப்பிப்புகளோடு வருகிறது, சற்றுத் தாமதமாகத்தான் என்றாலும்.

விண்டோஸில் அதற்கும் குறைகள் உண்டு. சாவியை நினைவில் வைக்கும் ஏஜென்ட் சேவை முடக்கப்பட்டே வருகிறது. நிர்வாகி உரிமையோடு நாம்தான் இயக்க வேண்டும். சாவியின் மறுபாதியான பொதுச்சாவியைச் சர்வரில் சேர்க்கும் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கட்டளையும் கிடையாது. சுவிட்ச், ரவுட்டரின் கன்சோலோடு சீரியல் கேபிளில் பேச புட்டியால் முடியும், ஓபன்எஸ்எஸ்எச்சால் முடியாது. எனக்கு அந்த வேலை அரிது. அன்றாடம் அதைச் செய்பவரின் முடிவு வேறாகலாம்.

எதைத் தேர்ந்தாலும் இடி25519 வகைச் சாவியை, அதைப் பூட்டிவைக்கும் கடவுச்சொற்றொடரோடு உருவாக்குங்கள். சர்வரில் கடவுச்சொல் நுழைவை அடைக்கும்போது, திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு சாளரத்தில் சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.