மானேயை மறுபடி வரைதல்: மிக்கலின் தாமஸ் வழியா, சல்மான் தூர் வழியா?

அமெரிக்கரான மிக்கலின் தாமஸ், பாகிஸ்தானில் பிறந்த சல்மான் தூர்: பால்புதுமையர் (குயர்) ஓவியர்களான இருவரும் மறுபடி வரையக் கையில் எடுத்தது 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் எதுவார் மானேயைத்தான். ஆனால் வேலை செய்யும் முறை முற்றிலும் வேறு.

மானேயின் ‘புல்வெளி விருந்து’ (1863) ஓவியத்தில் கோட்டு அணிந்த இரு ஆண்களுடன் ஆடையில்லாமல் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். தாமஸ் 2010இல் அந்த அமர்வை அப்படியே வைத்துக்கொண்டு, ஆட்களை மாற்றினார். இப்போது இருப்பது பூப்போட்ட உடையில் மூன்று கறுப்பினப் பெண்கள். மூவரும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். முதலில் மாடல்களை அமர்த்திப் புகைப்படம், பிறகு 10 அடி உயர, 24 அடி அகல மரப்பலகையில் அக்ரிலிக், எனாமல் வண்ணங்கள், ரைன்ஸ்டோன் எனும் மினுக்கும் செயற்கைக் கற்கள். இந்த முறையில் பசைதான் பிரச்சினை: குறைந்தால் கல் உதிரும், கூடினால் விளிம்பில் பிதுங்கி மினுக்கத்தைக் கெடுக்கும். திரையில் பார்த்து இதை எடைபோடவே கூடாது. நடந்துகொண்டே பார்த்தால்தான் கற்கள் வரிசை வரிசையாக மின்னும்.

தூரின் 2019ஆம் ஆண்டு ஓவியம், மானே வரைந்த பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் கேளிக்கை அரங்கின் மதுக்கூடத்தை (1882) நியூயார்க்கின் கிழக்கு 13ஆம் தெருவுக்குக் கொண்டுவருகிறது. பலகையில் எண்ணெய் வண்ணம், புகைப்படம் இல்லை, பெரும்பாலும் நினைவிலிருந்தே வரைபவர் இவர். அவருடைய ஓவியங்களில் படரும் பச்சை நிறத்தைப் பின்பற்றுவோர் சறுக்குவது தோலின் நிறத்தில்தான். மூக்கிலும் காதிலும் சூடான சிவப்பு இல்லாவிட்டால் முகம் செத்துவிடும்.

அமைப்பைக் கற்க தாமஸ். ஆனால் தூரிகையின் நெருக்கத்துக்கு, என் தேர்வு தூர்.