ஜூனோ-60 ஒலிக்கு எது: டால் யூ-நோ-எல்எக்ஸா, டைவாவா?

இரண்டும் கணினியில் இயங்கும் சிந்தசைசர் மென்பொருள்கள். 1982இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60 சிந்தசைசரின் ஒலி மட்டும் போதுமென்றால், டால் யூ-நோ-எல்எக்ஸ். பேனல் அசலைப் போலவே ஒரே பக்கம். சிபியூ (கணினிச் செயலி) சுமையும் குறைவு. ஒலியை அகலமாக்கும் கோரஸ் 1, 2 பட்டன்கள்தான் அந்த ஒலியின் உயிர். மேலே இன்னொரு கோரஸ் போட்டால் பேடு (நீண்டு ஒலிக்கும் மென்மையான பின்னணி ஒலி) கலங்கிவிடும்.

யூ-ஹியின் டைவா பல பழைய சிந்தசைசர்களின் ஆஸிலேட்டர் (ஒலியை உருவாக்கும் பகுதி), ஃபில்டர் (அதைச் செதுக்கும் பகுதி) ஆகியவற்றைக் கலக்க விடுகிறது. ஒலியைக் கூர்மையாக்கும் ரெசொனன்ஸை ஏற்றும்போது அதன் ஃபில்டர் அபாரம்! அதற்குக் கொடுக்கும் விலை சிபியூ சுமை: மிக உயர்ந்த ‘டிவைன்’ தரத்தில், நீண்ட ரிலீஸுள்ள (விசையை விட்ட பின்னும் நீளும்) கார்டுகள், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள், வெடித்து ஒலிக்கலாம். குறைந்த ‘ஃபாஸ்ட்’ தரத்தில் இசையமைத்து, எக்ஸ்போர்ட்டில் மட்டும் தரத்தை உயர்த்துங்கள், சுமையைச் செயலியின் பல கோர்களுக்குப் பகிரும் மல்டிகோரையும் இயக்குங்கள். ஜூனோ வேண்டுமானால் டிசிஓவை (எண்முறையில் கட்டுப்படும் ஆஸிலேட்டர்) தேர்ந்து, ஒவ்வொரு சுரத்தின் சுருதியையும் சற்றே விலக்கும் வாய்ஸ் டிட்யூனைச் சுழியமாக்குங்கள். அசலில் சுருதி விலகாது.

பேடு, பேஸுக்கு டால், லீடுக்கு (முன்னணி மெட்டு) டைவா.